உயிலா, நிலப் பத்திரமா? வர்ஜீனியாவில் ஒரு மூதாதையைத் தேடும்போது எது முதலில்

என் சம்பந்தி வர்ஜீனியாக்காரர். பேத்தி பிறந்ததிலிருந்து அவருக்கு ஓர் ஆசை. தன் தாய்வழியில் அந்த மண்ணில் முதலில் நிலம் வாங்கிக் குடியேறியவர் யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் யாருடைய கொடி தன்வரைக்கும் வந்திருக்கிறது என்பதையெல்லாம் பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குவதற்குள் எழுதி வைத்துவிட வேண்டும். கையில் இருந்தது ஒரு பெயர், 1730கள் என்று ஒரு காலக்கணக்கு, பாட்டி சொன்ன ஓர் ஆற்றின் பெயர். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 1790இல்தான் நடந்தது. அதற்கு முன்னால், வர்ஜீனியா போன்ற தெற்கு மாகாணங்களில், பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் எழுதி வைக்கும் வேலை ஆங்கிலிக்கன் திருச்சபையிடம் இருந்தது. அந்தப் பதிவேடுகளில் தப்பிப் பிழைத்தவை குறைவு. ஆகவே தேடுகிறவருக்கு மிஞ்சுவது இரண்டு. ஒன்று உயில், அதோடு சேர்ந்து நீதிமன்றத்தில் தாக்கலான சொத்துப் பட்டியல், ஜாமீன் பத்திரம், வரவு செலவுக் கணக்கு. மற்றொன்று நிலம், அரசு கொடுத்த பட்டயம், கிரயப் பத்திரம், தானப் பத்திரம், தீர்வைக் கணக்கு. கடைசியில் இரண்டையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் எதை முதலில் எடுப்பது என்பதில்தான் காலமும் காசும் கரைகின்றன.

சம்பந்தி என்னிடம் கேட்டார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதியவன் நான். ஆளைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார். நான் சொன்ன பதில்தான் சரியில்லை. "உயிலில் தொடங்குங்கள்" என்றேன். நான்கு மாதங்கள் போயின.

உயில் என்று சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குடும்பம் முழுவதும் ஒரே தாளில் வந்து நிற்கும் ஆவணம் வேறு எது? காலனிக் காலத்து உயில் பெரும்பாலும் "கடவுளின் பெயரால், ஆமென்" என்று தொடங்கும். உடல் நலிந்திருக்கிறது, நினைவு தெளிவாக இருக்கிறது என்று சொல்லும். ஆன்மாவைப் படைத்தவனிடமும் உடலை மண்ணிடமும் ஒப்படைக்கும். பிறகுதான் விஷயத்துக்கு வரும். ஒரு மகனுக்கு ஓடைக்கு மேற்கே உள்ள நிலம். இன்னொருவனுக்குக் குடியிருக்கும் தோட்டம், ஆனால் தாய் உயிரோடு இருக்கும்வரை அனுபவம் அவளுக்கு. மகளுக்கு ஓர் இறகு மெத்தையும் அதன் சாமான்களும், ஒரு பசுவும் கன்றும். இறகு மெத்தையா என்று சிரிக்க வேண்டாம். அந்த வீடுகளில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களிலேயே விலை கூடியது பெரும்பாலும் அதுதான். சாமான்கள் என்றால் மேசை நாற்காலி அல்ல. மெத்தைக்கு உரிய திரைச்சீலை, போர்வை, விரிப்பு, தலையணை. மணமான மகளைப் பல உயில்கள் கணவனின் குடும்பப் பெயரோடு குறிப்பிடும். வம்சம் தேடுகிறவருக்கு அந்த ஒரு சொல் ஓர் ஆண்டு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இன்னொரு வசதி: உயில் எழுதிய நாளும், சாட்சிகள் நீதிமன்றத்தில் நின்று அதை மெய்ப்பித்த நாளும் தனித்தனியாக இருக்கும். இறப்பு அந்த இரண்டுக்கும் நடுவில். வேறெங்கும் இறந்த தேதி கிடைக்காதபோது இதுவே பெரிய வரம். தேதியைப் படிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். 1752வரை ஆங்கிலேய ஆட்சிப் பகுதிகளில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது; ஆகவே ஒரு பிப்ரவரி மாதத்தை 1735/36 என்று இரட்டை ஆண்டு போட்டு எழுதுவார்கள். எழுத்தர் சோம்பேறியாக இருந்தால் முதல் எண்ணோடு நிறுத்திவிடுவார், நமக்கு ஓர் ஆண்டு பிசகிவிடும்.

இவ்வளவு நல்ல ஆவணம் எங்கே ஏமாற்றுகிறது? சொற்களில். மகனுக்கு ஒரு ஷில்லிங் மட்டும் என்று எழுதியிருந்தால், அப்பன் பிள்ளையை வெட்டிவிட்டான் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அந்த மகன் தன் பங்கை முன்பே நிலமாக வாங்கிக்கொண்டு போயிருப்பான். மறந்துபோய் விட்டுவிட்டார்கள் என்று நாளைக்கு வழக்குத் தொடுக்கக் கூடாது என்பதற்காக அந்த ஒரு ஷில்லிங். "இப்போதைய மனைவி" என்று இருந்தால் முன்னால் ஒருத்தி இருந்தாள் என்று பொருளல்ல. அந்தக் காலத்தில் அண்ணன் தம்பி பிள்ளைகளைக் குறிக்கவும் "கசின்" என்பார்கள். மனைவி முந்தைய மணத்தில் பெற்ற மகனை "சன் இன் லா" என்பார்கள். மாமன் மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் நமக்கு இதைப் படித்தால் தலை சுற்றும். மனைவி என்று குறிப்பிடப்படுகிறவள் அந்தப் பிள்ளைகளின் தாயாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம், உயில் சொல்லாமல் விடுவது. வர்ஜீனியாவில் தலைமகன் உரிமைச் சட்டம் 1786 முடியும்வரை உயிரோடு இருந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. மனைவிக்கு ஆயுள்வரை மூன்றில் ஒரு பங்கு அனுபவம். எப்படியும் சட்டம் கொடுத்துவிடும் என்பதால் மூத்தவன் பெயரை உயிலில் எழுதாமலே விட்ட தந்தைகள் உண்டு. நாம் தேடுவது அந்த மூத்தவனையாக இருந்தால், தந்தையின் உயிலைக் கையில் வைத்துக்கொண்டே "இவர் நம் ஆள் இல்லை" என்று தள்ளிவிடுவோம். மணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் உயில் எழுத முடியாது. சொத்தில்லாதவர் எழுத மாட்டார். திடீரென்று செத்தவருக்கு எழுத நேரமே இல்லை. ஆகவே உயில் வீட்டுக்கு வீடு கிடைக்கும் என்று எண்ணித் தொடங்குவதே பிழை.

எங்கள் நான்கு மாதங்கள் போனது இப்படித்தான். ஆம்ஹெர்ஸ்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) சம்பந்தியின் மூதாதை பெயரிலேயே ஓர் உயில் கிடைத்தது. காலமும் பொருந்தியது. மகிழ்ச்சியில் அதிலிருந்த ஏழு பிள்ளைகளையும் எங்கள் வம்ச மரத்தில் தொங்கவிட்டோம். ஒரு கட்டணத் தளத்தில் வேறு பத்துப் பேர் அதையே செய்திருந்தார்கள் என்பது கூடுதல் தைரியம். அதே பெயரில் இருவர் வாழ்ந்திருக்கிறார்கள், ஆம்ஹெர்ஸ்ட்காரர் வேறு ஆள் என்று எங்களுக்குச் சொன்னது உயில் அல்ல, நிலம்.

நிலத்தின் பக்கம் வருவோம். பத்திரம் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சொத்தை வாங்க வருகிறவரிடம் முதலில் கேட்பது, "தாய்ப் பத்திரம் எங்கே?" இந்தச் சொத்து விற்கிறவருக்கு எப்படி வந்தது, அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போவோம். வம்சம் தேடுவதும் அதே வேலைதான். ஒருவர் கைக்கு 400 ஏக்கர் வந்திருக்கிறது என்றால், அந்த 400 ஏக்கரும் அவர் கையை விட்டுப் போயாக வேண்டும். விற்றிருப்பார், தானம் கொடுத்திருப்பார், உயில் எழுதியிருப்பார், எழுதாமல் செத்து மூத்தவனுக்குப் போயிருக்கும், அல்லது தீர்வை கட்டாமலோ வாரிசு இல்லாமலோ அரசுக்குத் திரும்பியிருக்கும். ஆள் செத்துப்போகலாம், பிள்ளை பெயரை மறைக்கலாம். நிலத்தை ஒளித்து வைக்க முடியாது. வரவையும் செலவையும் நேர்செய்யும்போது எங்கே ஏக்கர் இடிக்கிறதோ, அங்கேதான் எழுதப்படாத ஒரு மகனோ மருமகனோ நிற்கிறான்.

வர்ஜீனியாவில் நிலத்தின் வரவு இரண்டு வகை. முதலாவது, அரசே கொடுத்த பட்டயம். 1618இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, கடல் கடந்து வர ஒருவருக்குப் பயணச் செலவு கொடுத்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர். பத்துப் பேரைக் கொண்டுவந்தால் 500 ஏக்கர். அந்தப் பத்துப் பெயரும் பட்டயத்தின் அடியில் எழுதப்படும். பதினெட்டாம் நூற்றாண்டில் தலைக்கணக்கு தேய்ந்து, 50 ஏக்கருக்கு 5 ஷில்லிங் என்று காசு கட்டி வாங்கும் முறை வழக்கமானது. நாங்கள் பார்த்த பட்டயத்தில் 40 ஷில்லிங் என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 400 ஏக்கர். அதற்கு ஆண்டுத் தீர்வை 50 ஏக்கருக்கு ஒரு ஷில்லிங். மூன்று ஆண்டுகளுக்குள் குடியேறிப் பயிர் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நிலம் போய்விடும்.

தலைக்கணக்குப் பட்டியலில் ஒரு பெயர் என்னை நிறுத்தியது. 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் நிலம் கோரி எழுதிய தலைகளில் "டோனி, கிழக்கிந்தியன்" என்று ஒருவர் இருக்கிறார். ஆங்கிலேய அமெரிக்காவில் நம் பக்கத்திலிருந்து போனவராக ஆவணத்தில் முதலில் தென்படுகிறவர் அவர்தான். உயில் கிடையாது, கல்லறை கிடையாது. யாரோ ஒருவரின் ஏக்கர் கணக்கில் ஒரு வரி. இந்தப் பட்டியலை நம்புவதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தலையுரிமையைக் கைமாற்றி விற்றார்கள், ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பிறகு பயன்படுத்தினார்கள், ஒரே தலையை இரண்டு முறை எண்ணிய மோசடியும் நடந்தது. அந்த ஆண்டிலோ அதற்கு முன்போ வந்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

வரவின் இரண்டாவது வகை, கவுண்டி நீதிமன்றத்தில் பதிவான பத்திரங்கள். எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்று இரண்டு அட்டவணைகள் இருக்கும். நம் அலுவலகத்தில் புழங்கியவருக்கு அந்நியமாகவே தோன்றாது. செக்குபந்தி எழுதும் முறையில் மட்டும் வேறுபாடு. அங்கே நான்கு எல்லையைச் சொல்லி முடிப்பதில்லை, எல்லைக் கோட்டிலேயே நடக்கிறார்கள். ஓடைக்கரையில் உள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே 160 கழி சென்று ஒரு பைன் மரம், அங்கிருந்து கிழக்கே 100 கழி சென்று இன்னாருடைய மூலை, அங்கிருந்து தெற்கே 160 கழி, பிறகு தொடங்கிய இடத்துக்கு. ஒரு கழி பதினாறரை அடி. 160 சதுரக் கழி ஓர் ஏக்கர். 160ஐ 100ஆல் பெருக்கி 160ஆல் வகுத்தால் 100 ஏக்கர், கணக்கு நேர். நான்கு கழி நீளம் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. அந்தச் சங்கிலிதான் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. சங்கிலிக்குச் சங்கிலி ஒரு சதுரம் போட்டால் 4356 சதுர அடி. நம் ஆள்கள் அதைப் பத்து சென்ட் என்பார்கள். எங்கள் பட்டயத்தை நான் சென்ட் கணக்கில் சொல்லிக் காட்டியபோது சம்பந்திக்கு ஒன்றும் புரியவில்லை, எனக்குத்தான் ஊருக்குப் போய் வந்தது போல இருந்தது.

வெள்ளை ஓக் மரம் செத்துப்போகும். பக்கத்து நிலக்காரரின் பெயர் நிற்கும். அந்தப் பெயர்தான் இந்த ஆவணத்தின் உயிர்நாடி. கழி கழியாக வரைபடத்தாளில் வரைந்து, அண்டை நிலங்களையும் அதேபோல் வரைந்து ஒட்டிப் பாருங்கள். பெண் எடுத்த வீடும் பெண் கொடுத்த வீடும் பெரும்பாலும் அந்த ஒட்டுக்குள்ளேயே இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும், அளக்கும்போது சங்கிலி பிடித்தவர்களையும் விடக் கூடாது; மைத்துனனும் மருமகனும் அங்கேதான் தட்டுப்படுகிறார்கள். எழுதத் தெரியாதவர் தனக்கென்று ஒரு குறி போடுவார். நல்ல எழுத்தர் அந்தக் குறியைப் பதிவேட்டிலும் அப்படியே வரைந்திருப்பார். எங்கள் ஆள் தன் பெயரின் முதல் எழுத்தைச் சாய்த்துப் போட்டவர். ஆம்ஹெர்ஸ்ட்காரரோ உயிலில் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டவர். நாங்கள் ஏழு பிள்ளைகளையும் மரத்திலிருந்து இறக்கினோம்.

நிலத்தை விற்கும்போது மனைவியும் முன்வர வேண்டியிருந்தது. கணவன் நிலத்தில் அவளுக்குள்ள மூன்றில் ஒரு பங்கு உரிமையை அவள் விட்டுக்கொடுக்காவிட்டால் வாங்கியவருக்குப் பின்னால் தொல்லை. ஆகவே அவளைத் தனியாக அழைத்து, கணவன் மிரட்டி ஒப்புக்கொண்டாயா என்று விசாரித்து எழுதினார்கள். பெண்களின் பெயர் எழுதப்படுவதே அரிதான காலத்தில் இப்படித்தான் பல பாட்டிகளின் முதல் பெயர் கிடைக்கிறது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து விற்கும் பத்திரமோ இன்னும் விசேஷம். அண்ணன், தம்பி, மகள்கள், மகள்களின் கணவன்மார், யார் எந்த மாகாணத்துக்குக் குடிபோனார்கள் என்பதுவரை அதில் இருக்கும். எந்த உயிலும் அவ்வளவு சொல்லாது.

குறை இல்லாமல் இல்லை. அடுத்தடுத்த நாள் தேதியில் இரண்டு பத்திரம் இருக்கும். முதலாவதில் 5 ஷில்லிங்கும் ஒரு மிளகும் வாடகையாகக் கொடுத்துக் குத்தகை, மறுநாள் உண்மையான விலைக்கு முழு விடுதலை. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு விற்பனை. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு நம் ஆள் குத்தகைக்காரர் என்று எழுதி வைத்தவர்கள் உண்டு. நிலப் பத்திரம் அலுப்பூட்டும், உணர்ச்சி கிடையாது, ஒரு கோப்பு கிடைத்தால் முடிந்தது என்றும் ஆகாது, இருபது பத்திரங்களை அடுக்கினால்தான் ஒரு மனிதர் தெரிவார். பொறுமை இல்லாதவருக்கு உயில்தான் இனிக்கும்.

இரண்டும் கைகோத்து நிற்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் முன்னோர். அவருடைய ஓட்டன் மொர்தெகாய் லிங்கன் 1736இல் பென்சில்வேனியாவின் ஆமிட்டியில் இறந்தார். உயில் எழுதியிருந்தார், நியூஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை ஜான் என்ற மகனுக்குக் கொடுத்தார். ஆமிட்டி இன்று பெர்க்ஸ் கவுண்டியில் இருக்கிறது. ஆனால் பெர்க்ஸ் 1752இல்தான் பிறந்தது. 1736இல் அந்த ஊர் பிலடெல்பியா கவுண்டி. ஊரைப் பார்த்துப் பெர்க்ஸில் தேடுகிறவர் வெறுங்கையோடு வருவார்.

ஜான் 1768இல் வர்ஜீனியாவில் லின்வில் ஓடைக்கரைக்கு வந்தார். 1773இல் அவரும் மனைவி ரெபெக்காவும் நிலத்தை மூத்த மகன்கள் ஆபிரகாமுக்கும் ஐசக்குக்கும் பத்திரம் மூலமாகவே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தகப்பன் மகன் உறவு அங்கே பத்திரத்தில் வந்து விழுந்துவிட்டது. சாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆபிரகாம், குடியரசுத் தலைவரின் பாட்டன், கென்டக்கிக்குப் போனார். அங்கே லாங் ரன் ஓடையில் 400 ஏக்கரை 1785இல் அளந்த ஆவணத்தில் அவருடைய பெயர் "லிங்க்ஹார்ன்" என்று இருக்கிறது. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். லிங்கன் என்று மட்டும் தேடினால் 400 ஏக்கரும் கண்ணில் படாது.

1786 மே மாதம் அவர் தன் நிலத்திலேயே செவ்விந்தியர் தாக்குதலில் கொல்லப்பட்டார். உயில் இல்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. தலைமகன் உரிமையை ஒழித்த சட்டம் 1785இல் நிறைவேறியிருந்தாலும் 1787 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. ஏழு எட்டு மாத இடைவெளியில் நிலமெல்லாம் மூத்தவன் மொர்தெகாய்க்கே போயிற்று. ஜோசையாவும், குடியரசுத் தலைவரின் தந்தையான தாமஸும் வெறுங்கையோடு நின்றார்கள். இதில் நிலத்தை மட்டும் பார்த்தால் தாமஸ் அந்த வீட்டுப் பிள்ளை என்பதற்கே தடயம் கிடைக்காமல் போகலாம். நிலத்தின் பக்கம் சாய்கிற நான் இதை மறைக்கக் கூடாது. சட்டத்தைத் தெரிந்துகொண்டு படித்தால் மட்டுமே நிலம் வாய் திறக்கும்; தந்தைக்குப் பின் ஒரே மகன் பெயரில் நிலம் நிற்பது, ஒரே மகன்தான் இருந்தான் என்பதற்குச் சான்று ஆகாது.

எந்த மாகாணம் என்பதைப் பொறுத்து விடை மாறும். மாசசூசெட்ஸ் முதலான நியூ இங்கிலாந்துப் பகுதியாக இருந்தால் நானே உயிலைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். அங்கே உயில் இல்லாமல் இறந்தாலும் சொத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரிந்தது, மூத்த மகனுக்கு இரண்டு பங்கு. அந்தப் பங்கீட்டுத் தாளில் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். மேரிலாந்திலும் உயில்தான். மாகாணத் தலைநகரத்திலேயே உயில்களைப் பதிந்து வைத்ததால், 1882இல் கால்வர்ட் கவுண்டியின் நீதிமன்றம் எரிந்தபோதும் அங்கத்துக் காலனிக் கால உயில்கள் அனாபொலிஸில் பிழைத்தன. நியூயார்க்கின் பெரிய பண்ணைகளில் குத்தகைக்கு இருந்தவர்களுக்கு இரண்டுமே கைகொடுப்பது அபூர்வம். வர்ஜீனியாவின் வடக்குப் பகுதியிலோ குத்தகையைக்கூட மூன்று ஆயுளுக்கு எழுதினார்கள்; குத்தகைக்காரர், மனைவி, ஒரு பிள்ளை என்று மூன்று பெயர், மூவரில் கடைசியானவர் சாகும்வரை குத்தகை. நிலமே இல்லாதவருடைய குடும்பமும் அப்படி நிலப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது.

அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் வழித்தோன்றல்கள் தேடும்போது இந்த ஒப்பீடே வேறு உருவம் எடுக்கிறது. அவர்கள் எழுதிய ஆவணம் ஏறக்குறைய இல்லை; அவர்களைச் சொத்தாக எழுதிய ஆவணம்தான் இருக்கிறது. 1705இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டு அடிமைகளை அசையாச் சொத்து என்றே வகைப்படுத்தியது. உடைமைக்காரரின் சொத்துப் பட்டியலில் பசுவுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே முதல் பெயரும் ஒரு விலையும். உயில், பட்டியல், தானப் பத்திரம் எல்லாவற்றையும் அடுத்தடுத்து வைத்து, ஒரே பெயர்கள் எந்த வரிசையில் சேர்ந்து வருகின்றன என்று பார்த்துத் தாயையும் பிள்ளைகளையும் ஊகிக்க வேண்டும். இங்கே நான் உயிலோடு வரும் சொத்துப் பட்டியலைத்தான் முதலில் எடுப்பேன். விதிவிலக்குகளும் உண்டு. அடிமையாகக் கொண்டுவரப்பட்டு விடுதலை பெற்ற ஆந்தனி ஜான்சன் 1651இல் தானே 250 ஏக்கருக்குப் பட்டயம் வாங்கியிருக்கிறார்.

இப்போது வர்ஜீனியாவில் நிலத்தை முதலில் எடுக்கச் சொல்வதற்கு முதன்மையான காரணம், தீ. உள்நாட்டுப் போரின்போது பத்திரமாக இருக்கட்டும் என்று ஹனோவர், ஜேம்ஸ் சிட்டி போன்ற கவுண்டிகள் தங்கள் பதிவேடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பி வைத்தன; 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் எரிந்தன. கவுண்டி உயிலும் பத்திரமும் ஒரே கட்டடத்தில் இருந்ததால் சேர்ந்தே சாம்பலாயின. பட்டயங்கள் மட்டும் மாகாண நில அலுவலகத்தின் புத்தகங்களில் தனியாக இருந்தன. இன்று அவை வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன. படங்களை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

எங்கள் கதையும் அதுதான். பாட்டி சொன்ன ஆறு ஸ்லேட் ஆறு. 1730களில் அந்தக் கரை கூச்லேண்ட் கவுண்டி. 1744இல் அங்கிருந்து ஆல்பமார்ல் பிரிந்தது. 1761இல் ஆல்பமார்லிலிருந்து பக்கிங்ஹாம் பிரிந்தது. ஆம்ஹெர்ஸ்டும் அதே ஆண்டில். ஆள் நகரவே இல்லை, அவர் காலுக்குக் கீழே கவுண்டி இரண்டு முறை மாறியிருக்கிறது. பக்கிங்ஹாம் நீதிமன்றம் 1869இல் எரிந்தது. 1761க்குப் பிறகு எங்கள் ஆள் உயில் எழுதியிருந்தாலும் அது அங்கேதான் இருந்திருக்கும். நாங்கள் நான்கு மாதமாகச் சாம்பலைத் தேடிக்கொண்டிருந்தோம். கிடைக்காத ஆத்திரத்தில் அடுத்த கவுண்டிக்காரர் உயிலை எங்களுடையதாக்கிக்கொண்டோம். கவுண்டி எப்போது பிறந்தது, எப்போது எரிந்தது என்ற இரண்டு கேள்விகளை முதல் நாளே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். 2024இலிருந்து அதில் கையெழுத்துப் பதிவேடுகளை இயந்திரம் படித்துக்கொடுக்கும் முழுவாசகத் தேடல் வந்திருக்கிறது. முதலில் ஏற்றியவற்றில் அமெரிக்க நில, உயில் பதிவேடுகள் இருந்தன. முன்பு அட்டவணையில் எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர் மட்டும் கிடைக்கும். இப்போது எல்லைக்காரரும் சாட்சியும் சங்கிலி பிடித்தவரும் அகப்படுகிறார்கள். இதனால் லாபம் நிலத்தின் பக்கத்துக்கே அதிகம் என்பது என் எண்ணம், உயிலில் பெயர் கொட்டிக் கிடப்பது பழைய கதைதானே. லிங்க்ஹார்னை மட்டும் மறந்துவிட வேண்டாம். ஒரு பெயரைப் பத்து விதமாகத் தட்டிப் பாருங்கள். ஆராய்ச்சியாளருக்குக் காசு கொடுத்து அமர்த்துவது, மரபணுச் சோதனை ஆகியவற்றை நாங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

சம்பந்திக்கு இப்போது நான் போட்டுக் கொடுத்திருக்கும் வரிசை: பட்டயம், ஆல்பமார்லில் தப்பிய பத்திரங்கள், 1782இலிருந்து தொடங்கும் நில வரிப் பட்டியல், அதற்கும் பிறகுதான் அண்டை வீட்டாரின் உயில்கள். வரிப் பட்டியலில் ஒரு பிரதி மாநிலத்துக்குப் போனதால் பக்கிங்ஹாமுக்கும் கிடைக்கிறது. 400 ஏக்கரில் 250 ஏக்கர் 1750களில் போயிருக்கிறது. வாங்கியவர் வேறு குடும்பப் பெயர். விலை என்ற இடத்தில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று இருக்கிறது. நம் ஊரில் அப்படி எழுதினால் அது செட்டில்மென்ட், மகளுக்கோ மருமகனுக்கோதான். ஒரு மருமகன் கிடைத்துவிட்டார். மகள் பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

மீதி 150 ஏக்கர். 1782 வரிப் பட்டியலில் சரியாக 150 ஏக்கருக்கு ஒரு பெயர் இருக்கிறது, சம்பந்தியின் தாய்வழிக் குடும்பப் பெயரே. அவருக்கு அது எப்படி வந்தது என்பதற்கான தாள் எரிந்துவிட்டது. நேற்றிரவு சம்பந்தி தொலைபேசியில், தெற்கு எல்லைக்காரர் தன் நிலத்தை விற்ற பத்திரம் ஒன்று வேறு கவுண்டியில் பதிவாகியிருக்கிறது என்றார். அதில் வடக்கு எல்லை யாருடையது என்று எழுதியிருப்பார்கள். படம் மங்கலாக இருக்கிறதாம். பெரிதாக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.